இந்த அடைவு யாருடையது?

திரையில் இரண்டே வரிகள் இருந்தன. தரவைச் சுருக்கும் ஜீலிப் என்னும் நூலகத்தின், அதாவது பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் தொகுப்பின், கோப்புப் பெயர் 1.2.11 என்று முடிவதை முதல் வரி காட்டியது. அதே கோப்புக்குள் புதைந்திருக்கும் எழுத்துகளை ஸ்ட்ரிங்ஸ் கட்டளையால் வெளியே எடுத்தபோது கிடைத்த இரண்டாம் வரியோ 1.2.3 என்றது. முன்னது 2017இல் வெளியான பதிப்பு; பின்னது 2005இல் வெளியானது. பன்னிரண்டு ஆண்டு பழைய நூலகம் ஒன்று புதிய நூலகத்தின் பெயரோடு அந்த லினக்ஸ் கணினியில் உட்கார்ந்திருந்தது. முந்தைய நாள் மாலை எங்கள் மென்பொருளை அந்தக் கணினியில் நிறுவியிருந்தார்கள். காலையில் கணினியை இயக்கியவருக்கு வரைகலை நுழைவுத் திரை வரவில்லை. கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டும் ஓடி நின்றன. அந்த மென்பொருளின் நிறுவியை எழுதியவன் நான்.

என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு அரை நாள் பிடித்தது. எங்கள் மென்பொருளின் மூல நிரலை இயங்குகோப்பாக மாற்றும் தொகுப்பு வேலையைப் பழைய கணினி ஒன்றில்தான் செய்து வந்தோம். அதற்குத் தேவையான நூலகங்களில் ஏதேனும் ஒன்று பயனரிடம் இல்லாமல் போய்விடக் கூடாது என்று எண்ணி, எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக் கூடவே அனுப்பியிருந்தேன். நிறுவி நிர்வாகி உரிமையோடு ஓடி, அவற்றை /யுஎஸ்ஆர்/லிப்64 என்னும் அடைவுக்குள், அதாவது கோப்புறைக்குள், சிபி கட்டளையால் நகலெடுத்தது. அந்த அடைவில் ஜீலிப்புக்காக லிப்ஜீ.எஸ்ஓ.1 என்ற பெயரில் இருப்பது உண்மையான கோப்பு அன்று, அது லிப்ஜீ.எஸ்ஓ.1.2.11 என்னும் கோப்பைச் சுட்டும் சிம்லிங்க். சிபி அந்தச் சுட்டியைப் பின்தொடர்ந்து போய், சுட்டப்பட்ட கோப்பின் உள்ளடக்கத்தைத் துடைத்துவிட்டு, நான் அனுப்பிய பழைய உள்ளடக்கத்தை அங்கே எழுதியது. பெயர் மாறவில்லை, சிம்லிங்க் மாறவில்லை, பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. படங்களைத் திறக்கும் லிப்பிஎன்ஜி நூலகம் மட்டும், ஜீலிப் 1.2.9இல்தான் முதன்முதலாகச் சேர்ந்த ஒரு செயற்கூற்றைத் தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்காததால் நினைவகத்தில் ஏறவே மறுத்தது. லிப்பிஎன்ஜி ஏறாவிட்டால் வரைகலைச் சூழலில் ஏறாதவை எத்தனை என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மென்பொருள்களைப் பேக்கேஜ்களாக நிறுவி அவற்றின் பதிவேட்டை வைத்திருக்கும் பேக்கேஜ் மேனேஜரின் சரிபார்ப்புக் கட்டளையை ஓட்டியபோது, அந்தக் கோப்பின் அளவு, சரிபார்ப்புத் தொகை, மாற்றப்பட்ட நேரம் ஆகிய மூன்றும் தன் பதிவேட்டில் உள்ளவற்றோடு ஒத்துப்போகவில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது. அந்தப் பேக்கேஜைத் திரும்ப நிறுவியதும் கணினி எழுந்துவிட்டது.

அன்றுவரை, நூலகக் கோப்பை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு நான் வைத்திருந்த பதில் ஒன்றுதான்: நிரல் தொடங்கும்போது அதன் நூலகங்களை நினைவகத்தில் ஏற்றும் லோடர் எங்கே தேடுமோ அங்கே வைக்க வேண்டும். அது தவறான பதில் இல்லை. ஆனால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்விக்கான பதில். முதலில் கேட்க வேண்டியது, இந்த அடைவு யாருடையது என்பது. இங்கே உள்ள கோப்பை நாளை மாற்றப்போகிறவர் யார், நாளை மறுநாள் நீக்கப்போகிறவர் யார், இங்கே இருப்பவற்றின் பட்டியல் யாரிடம் இருக்கிறது? அந்த ஆள் நான் இல்லையென்றால் அங்கே எழுதும் உரிமையும் எனக்கு இல்லை. நிர்வாகியின் கடவுச்சொல் எனக்குத் தரும் திறவுகோல் எல்லாக் கதவுகளையும் திறக்கும் என்பதால் எல்லா வீடும் எனக்குச் சொந்தமாகிவிடாது.

லினக்ஸ் உலகில் இந்த உரிமைப் பிரிவினையை எழுத்தில் வடித்திருக்கிறார்கள். ஃபைல்சிஸ்டம் ஹையரார்க்கி ஸ்டாண்டர்ட் என்னும் கோப்பு முறைமைத் தரநிலையின் முன்னோடி ஆவணம் 1994 பிப்ரவரியில் வெளியானது, அதன் 3.0 பதிப்பை லினக்ஸ் ஃபவுண்டேஷன் 2015இல் வெளியிட்டது. அடைவுகளுக்குப் பெயர் சூட்டும் பட்டியலாகவே நான் அதைப் பல ஆண்டுகள் கருதிவந்தேன். அந்த விபத்துக்குப் பிறகு மீண்டும் படித்தபோது அது ஒரு நிலப் பத்திரம்போல எனக்குத் தெரிந்தது. /யுஎஸ்ஆர்/லிப் அடைவும் அதன் உடன்பிறப்புகளும் டெபியன், ரெட் ஹேட் போன்ற லினக்ஸ் வழங்கலுக்கு, அதாவது அதன் பேக்கேஜ் மேனேஜருக்குச் சொந்தம். /யுஎஸ்ஆர்/லோக்கல் அந்தக் கணினியின் நிர்வாகிக்குச் சொந்தம். இயங்குதளத்தைப் புதுப்பிக்கும்போது அங்கே உள்ளவை அழிக்கப்படாமல் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று தரநிலை சொல்கிறது. வெளியிலிருந்து ஆயத்தமாகக் கட்டி வரும் கூடுதல் மென்பொருள்களுக்கு /ஆப்ட் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மென்பொருளும் அங்கே தன் பெயரில் ஓர் அடைவை எடுத்துக்கொண்டு, அதற்குள்ளேயே தன் நூலகங்களையும் வைத்துக்கொள்ளலாம்.

இதில் பலரும் தடுமாறும் இடம் /யுஎஸ்ஆர்/லோக்கல். மூல நிரலிலிருந்து தொகுத்து நிறுவும் மென்பொருள்களில் பெரும்பாலானவை அங்கேதான் போய் விழுகின்றன. ஆட்டோகான்ஃப் என்னும் கருவி உருவாக்கும் கான்ஃபிகர் நிரலில், நிறுவும் இடத்தைச் சுட்டும் இயல்புநிலை முன்னொட்டும் அதுதான். ஆகவே நாம் தரும் நிறுவியும் அங்கேயே வைக்கலாம் என்று தோன்றும். ஆனால் மூல நிரலைப் பிரித்து, தொகுத்து, மேக் இன்ஸ்டால் என்ற நிறுவல் கட்டளையைத் தட்டச்சு செய்கிறவர் அந்தக் கணினியின் நிர்வாகியே. அவர் தன் நிலத்தில் தானே கட்டுகிறார்; எங்கே எதை வைத்தார் என்பது அவருக்குத் தெரியும். நான் அனுப்பும் நிறுவி அவருடைய நிலத்துக்குள் என் சாமான்களை இறக்குகிறது. அவர் தொகுத்து வைத்திருக்கும் அதே நூலகத்தின் மீது என்னுடையது போய் விழுந்தால், இயங்குதளத்தின் கோப்பைக் கெடுத்ததைவிட அது மோசம். ஏனென்றால் அவரைக் காப்பாற்றத் திரும்ப நிறுவ வேண்டிய பேக்கேஜ் எதுவும் எங்கும் இல்லை. அதனால் வெளியாளின் நிறுவிக்கு /ஆப்ட் தான் சரியான இடம் என்று உறுதியாக நம்புகிறேன். வழங்கலுக்கேற்ற பேக்கேஜாகவே தயாரித்துக் கொடுப்பவர்களுக்கு மட்டும் /யுஎஸ்ஆர்/லிப் திறந்திருக்கிறது. அப்போது நம் கோப்புகளும் பேக்கேஜ் மேனேஜரின் பதிவேட்டில் ஏறிவிடும், வேறொரு பேக்கேஜுக்கு உரிய கோப்பை நாம் வைக்க முயன்றால் நிறுவல் அங்கேயே தடுக்கப்படும்.

உரிமை முடிவானால்தான் தேடல் பற்றிய கேள்விக்கு வர முடியும். அதுவும் எளிதானதல்ல. /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப் அடைவைத் தேடல் பட்டியலில் சேர்ப்பதற்கென்றே டெபியன் வழி வந்த வழங்கல்கள் ஓர் அமைப்புக் கோப்பை வைத்திருக்கின்றன. ரெட் ஹேட் வழி வந்தவற்றில் இயல்பாக அது இருப்பதில்லை. ஆகவே ஒரே நிறுவி, ஒரே கோப்பு, ஒரே அடைவு என்று எல்லாம் ஒன்றாக இருந்தும், ஓரிடத்தில் மென்பொருள் ஓடும். இன்னோரிடத்தில் பகிர்நூலகத்தைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை என்ற செய்தியோடு நின்றுவிடும். கோப்பு கண்ணெதிரே இருக்கும்போது அது இல்லை என்று சொல்லும் அந்தச் செய்தி, புதியவர்களை எவ்வளவு அலைக்கழிக்கும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். சிலர் டெபியனில் சோதித்துவிட்டு நிம்மதியாக வெளியிட்டுவிடுகிறார்கள்.

அந்தச் செய்தி வரும்போது முதலில் கைக்கு வருவது, எந்த அடைவுகளில் நூலகங்களைத் தேட வேண்டும் என்று லோடருக்குச் சொல்லும் எல்டி லைப்ரரி பாத் என்னும் சூழல் மாறி. அதைப் பயனரின் தொடக்கக் கோப்பில் எழுதிவிட்டுப் போகும் நிறுவிகளை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த மாறி நம் மென்பொருளுக்கு மட்டும் பொருந்துவதில்லை. அந்தப் பயனர் அந்த முனையத்திலிருந்து தொடங்கும் ஒவ்வொரு நிரலும் தன் நூலகங்களை முதலில் நம் அடைவில் தேடத் தொடங்கும். கோப்பை மேலெழுதாமலேயே என் பழைய விபத்தை இது மறுபடியும் நிகழ்த்திவிடும். /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி அடைவில் ஒரு கோப்பைப் போட்டு, லோடரின் தேடல் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் ஓட்டுவது இதைவிட ஒழுங்கான வழி என்றாலும், அதன் விளைவும் கணினி முழுமைக்கும் ஆனது. பிற நிரல்களும் நம் நூலகத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று நாம் உண்மையிலேயே விரும்பினால் மட்டுமே அது பொருந்தும்.

நம் நூலகம் நமக்கு மட்டும்தான் என்றால், அது எங்கே இருக்கிறது என்ற செய்தியை நம் இயங்குகோப்புக்குள்ளேயே எழுதி வைப்பதுதான் நேரான வழி. ரன்பாத் என்னும் அந்தக் குறிப்பில் முழுப் பாதையை எழுதாமல், டாலர் குறியோடு ஆரிஜின் என்று எழுதினால், இயங்குகோப்பு எந்த அடைவில் இருக்கிறதோ அதை அந்தச் சொல் குறிக்கும். அங்கிருந்து ஓர் அடைவு மேலே ஏறி லிப்புக்குள் பார் என்று சொல்லிவிட்டால், பயனர் மொத்த அடைவையும் வேறு இடத்துக்கு நகர்த்தினாலும் மென்பொருள் தன் நூலகத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். இதில் எனக்கு ஒரு முழு மாலையைத் தின்ற சிறிய விஷயம் ஒன்று உண்டு. மேக் என்னும் தொகுப்புக் கருவி படிக்கும் மேக்ஃபைலுக்குள் ஒற்றை டாலர் குறியோடு ஆரிஜின் என்று எழுதினால், மேக் அந்த டாலரையும் அடுத்து வரும் ஓ எழுத்தையும் சேர்த்து ஒரு மாறியாக எண்ணி, அதன் மதிப்பு வெறுமை என்பதால் இரண்டையும் நீக்கிவிடும். ரீட்எல்ஃப் கட்டளையால் இயங்குகோப்பைத் திறந்து பார்த்தபோது, ரன்பாத் இருக்க வேண்டிய இடத்தில் ரிஜின் என்ற தலையில்லாச் சொல் மட்டும் நின்றது. டாலரை இரட்டிப்பாக எழுதி, ஷெல்லும் தொட்டுவிடாதபடி ஒற்றை மேற்கோளுக்குள் வைத்தால்தான் அது முழுதாகப் போய்ச் சேரும். மேலும், ரன்பாத் ஒரு கோப்பின் நேரடித் தேவைகளுக்கு மட்டுமே பொருந்தும். நம்முடைய ஒரு நூலகம் நம்முடைய இன்னொரு நூலகத்தை நாடினால், அந்த முதல் நூலகத்துக்குள்ளும் தனியாக ரன்பாத் எழுத வேண்டும்.

லிப் என்றா, லிப்64 என்றா என்ற சிக்கலும் இருக்கிறது. ரெட் ஹேட், சூசே வகையினர் 64 பிட் நூலகங்களை லிப்64இல் வைக்கிறார்கள். டெபியனோ 2013இல் வெளியான 7ஆம் பதிப்பிலிருந்து, கட்டமைப்பின் முழுப் பெயரையே உள்ளடைவாக வைத்துப் பல கட்டமைப்புகளின் நூலகங்களை அருகருகே வைக்க வழி செய்தது. இதை நாமே ஊகித்து எழுதக் கூடாது. சிமேக் என்னும் தொகுப்புக் கருவியைப் பயன்படுத்துவோருக்கு ஜிஎன்யு இன்ஸ்டால் டிர்ஸ் என்னும் கூறு இதற்காகவே இருக்கிறது. நம் அடைவு /ஆப்ட்டுக்குள் நமக்கே உரியதாக இருந்தால் இந்தக் கேள்வியே எழாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

விண்டோஸில் இதே பாடத்தை ஒரு தலைமுறைப் பயனர்கள் துன்பப்பட்டுக் கற்றார்கள். 1990களில் ஒவ்வொரு நிறுவியும் டிஎல்எல் எனப்படும் தன் நூலகக் கோப்புகளை சிஸ்டம் அடைவில் கொட்டியது. பிறகு வந்தவை முன்பு இருந்தவற்றின் மீது எழுதின. நேற்று ஓடிய மென்பொருள் இன்று ஓடவில்லை. அந்த நிலைக்கு டிஎல்எல் நரகம் என்றே பெயர் வந்தது. பகிரப்படும் கோப்பு ஒவ்வொன்றையும் எத்தனை மென்பொருள்கள் பயன்படுத்துகின்றன என்ற எண்ணிக்கையை, விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் வைத்துப் பார்த்தார்கள். எல்லா நிறுவியும் ஒழுங்காகக் கூட்டிக் கழித்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். இந்தப் பகிர்வுக் கோப்பை இனி யாரும் பயன்படுத்தவில்லை போலிருக்கிறது, நீக்கவா என்று நீக்கும்போது கேட்கும் அந்தப் பெட்டியை நினைத்துப் பாருங்கள்: உரிமையாளர் யார் என்று தெரியாத கோப்பின் தலைவிதியை, அதைப் பற்றி எதுவுமே அறியாத பயனரின் கையில் ஒப்படைத்தார்கள். விண்டோஸ் 2000 வந்தபோது, இயங்குதளத்தின் முக்கியக் கோப்புகளை யாராவது மாற்றினால் உடனே பழையபடி மீட்டுவைக்கும் காவல் ஏற்பாடு சேர்ந்தது. 2001இல் வந்த எக்ஸ்பி, ஒரே நூலகத்தின் பல பதிப்புகளை அருகருகே வைக்கும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

இன்று விண்டோஸில் நல்ல வழி எளியது. டிஎல்எல் கோப்புகளை இயங்குகோப்பு இருக்கும் அடைவிலேயே வைத்துவிட வேண்டும்; பொதுவாக லோடர் அங்கேதான் முதலில் தேடுகிறது. ஆனால் அந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு: சாதாரணப் பயனரால் எழுத முடியாத அடைவாக அது இருக்க வேண்டும். புரோகிராம் ஃபைல்ஸ் அடைவு அப்படிப்பட்டது. நிர்வாகி உரிமையோடு ஓடும் நிரலை யாரும் எழுதக்கூடிய அடைவில் வைத்தால், பொய்யான டிஎல்எல் ஒன்றை அதன் அருகே வைத்து அந்த உரிமையை யாரும் திருடிக்கொள்ளலாம். பதிவிறக்க அடைவிலிருந்து நேரடியாக ஓட்டப்படும் நிறுவிக்கும் இந்த ஆபத்து உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 அடைவில் இருப்பவை 64 பிட் நூலகங்கள், சிஸ்வாவ்64 அடைவில் இருப்பவை 32 பிட் நூலகங்கள். 32 பிட் நிறுவி சிஸ்டம்32இல் எழுதினால் இயங்குதளம் சத்தமில்லாமல் அதைச் சிஸ்வாவ்64க்குத் திருப்பிவிடும். அங்கே எழுதவே கூடாது என்ற முடிவில் இருப்பவருக்கு இந்தக் குழப்பமும் இல்லை.

ஆப்பிளின் மேக் கணினிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. செயலி என்று நாம் பார்ப்பது உண்மையில் ஓர் அடைவு. நூலகங்கள் அதற்குள்ளேயே ஃப்ரேம்வொர்க்ஸ் என்ற உள்ளடைவில் குடியிருக்கின்றன. 2015இல் வந்த எல் கேப்பிடன் பதிப்பிலிருந்து, /யுஎஸ்ஆர்/லோக்கல் தவிர /யுஎஸ்ஆர் முழுவதும் நிர்வாகிக்கே பூட்டப்பட்டுவிட்டது. அங்கே பலர் பயன்படுத்தும் பேக்கேஜ் மேனேஜரான ஹோம்ப்ரூ, இன்டெல் கணினிகளில் /யுஎஸ்ஆர்/லோக்கலையும், ஆப்பிள் சிலிக்கான் கணினிகளில் /ஆப்ட்/ஹோம்ப்ரூ அடைவையும் பயன்படுத்துகிறது. இரண்டாவது ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது; தன் வீட்டுக்குத் தன் பெயரை எழுதிக்கொண்டது அது.

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, அப்படியானால் எல்லா நூலகங்களையும் நம் அடைவுக்குள் கட்டிக்கொண்டு போய்விடலாமே என்று ஒருவர் கேட்கலாம். இங்கேதான் நான் மிகவும் தயங்குகிறேன். 2002 மார்ச்சில் ஜீலிப்பில், ஒரே நினைவகப் பகுதியை இரண்டு முறை விடுவிக்கும் பிழை வெளிப்பட்டு, 1.1.4 பதிப்பில் அது சரிசெய்யப்பட்டது. பொது அடைவில் இருந்த ஜீலிப்பை நம்பியிருந்த மென்பொருள்கள் எல்லாம் ஒரே புதுப்பிப்பில் குணமாயின. தன் வயிற்றுக்குள் சொந்த நகல் வைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியிருந்தது. 2014 ஏப்ரலில், இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிவந்தபோதும் இதேதான். 1.0.1ஜி பதிப்பு அன்றே கிடைத்தது. ஆனால் சொந்தமாக ஒரு நகலைக் கட்டி அனுப்பியிருந்தவர்கள் தாங்களே புதிய வெளியீட்டைத் தயாரிக்கும்வரை அவர்களுடைய பயனர்களுக்கு விடிவு இல்லை. நூலகத்தை நம் அடைவில் வைக்கும் நொடியில் அதன் பராமரிப்பும் நம் தலையில் ஏறிவிடுகிறது. ஆகவே நான் வகுத்துக்கொண்டிருக்கும் வழக்கம் இது: ஜீலிப், ஓப்பன்எஸ்எஸ்எல் போல எல்லா வழங்கல்களிலும் கிடைப்பதும், பாதுகாப்போடு தொடர்புடையதும், இடைமுகம் நிலையானதுமான நூலகத்தை இயங்குதளத்திடமே கேட்டுப் பெறுகிறேன், கிடைக்கவில்லையென்றால் நிறுவி நின்று, எந்தப் பேக்கேஜ் வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. நாங்களே எழுதியவையும், பதிப்புக்குப் பதிப்பு இடைமுகம் மாறுகிறவையும், வழங்கல்களில் கிடைக்காதவையும் மட்டுமே எங்கள் அடைவுக்குள் வருகின்றன. சி மொழியின் அடிப்படை நூலகத்தை ஒருபோதும் கூடவே அனுப்புவதில்லை.

பைத்தான் நிரல்மொழியில் இந்த உரிமைச் சண்டை இன்னும் வெளிப்படையாக நடந்து முடிந்திருக்கிறது. இயங்குதளத்தின் பைத்தானுக்குள் பிப் என்னும் நிறுவல் கருவி கொண்டு நிறுவியவர்கள், இயங்குதளத்தின் கருவிகளையே முடக்கிக்கொண்டார்கள். பெப் 668 என்னும் ஏற்பாடு வந்த பிறகு, டெபியன் 12 போன்றவற்றில் இந்தச் சூழல் வெளியாரால் நிர்வகிக்கப்படுகிறது என்று சொல்லி பிப் நின்றுவிடுகிறது. சொந்தமாக ஒரு மெய்நிகர் சூழலை உருவாக்கிக்கொள் என்பதே அது காட்டும் வழி. பலர் இதை எரிச்சலோடு வரவேற்றார்கள். எனக்கு அது மிகச் சரியான தடையாகப் படுகிறது.

இடத்தைத் தீர்மானித்த பிறகும் வைக்கும் விதம் ஒன்று மிச்சமிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஒன்றின் நூலகத்தின் மீது சிபி கொண்டு எழுதினால், நினைவகத்தோடு பிணைந்திருக்கும் அதே கோப்பின் உள்ளடக்கம் அந்த நிரலின் காலடியிலிருந்து உருவப்படும். அது அக்கணமே விழக்கூடும். புதிய கோப்பை அதே அடைவில் தற்காலிகப் பெயரில் முழுமையாக எழுதிவிட்டு, பிறகு பெயர் மாற்றி உரிய இடத்தில் அமர்த்தினால், ஓடிக்கொண்டிருப்பவை பழைய கோப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். புதிதாகத் தொடங்குபவை புதியதைப் பெறும். சிம்லிங்க் இருந்தாலும் அதன் இலக்கு தீண்டப்படாது. அந்தப் பெயர் மட்டுமே மாறும். இந்த ஒன்றை மட்டும் நான் முன்பே அறிந்திருந்தால், அந்தக் கணினியில் 1.2.11 என்ற பெயருக்குள் 1.2.3 புகுந்திருக்காது. ஆனாலும் லிப்ஜீ.எஸ்ஓ.1 என்ற பெயர் என் பழைய கோப்புக்குப் போயிருக்கும், மறுநாள் காலை அதே கறுப்புத் திரைதான் வந்திருக்கும். இடம் தவறாக இருக்கும்போது, வைக்கும் விதம் சரியாக இருந்து பயனில்லை.

இப்போது எங்கள் நிறுவி, தன்னுடைய பெயரில் /ஆப்ட்டுக்குள் ஓர் அடைவை மட்டும் உருவாக்குகிறது. நிர்வாகி உரிமை இல்லாதவர் ஓட்டினால், அவருடைய இல்ல அடைவின் .லோக்கலுக்குள் அதே அமைப்பை எழுப்புகிறது; ஆரிஜின் வழியாகத் தேடுவதால் இரண்டுக்கும் ஒரே இயங்குகோப்பு போதும். வைத்த ஒவ்வொரு கோப்பின் பெயரையும் ஒரு பட்டியலில் எழுதிக்கொள்கிறது. நீக்கும்போது அந்தப் பட்டியலில் இல்லாத எதையும் தொடுவதில்லை. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால், புதிதாக எழுப்பிய கணினி ஒன்றில் எல்லாக் கோப்புகளின் பெயரையும் சரிபார்ப்புத் தொகையையும் எடுத்து வைத்துக்கொள்கிறேன். மென்பொருளை நிறுவி, ஓட்டி, நீக்கிவிட்டு, அதே பட்டியலை மறுபடியும் எடுக்கிறேன். பதிவுக் கோப்புகளைப் போலத் தாமாகவே மாறுகிறவற்றை ஒதுக்கிவிட்டு, இரண்டு பட்டியல்களையும், வேறுபாடுகளைக் காட்டும் டிஃப் கட்டளைக்குக் கொடுக்கிறேன். அது ஒன்றுமே சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டால் அந்த வெளியீடு வெளியே போகிறது.